உண்மை கண்டறியும் சோதனைக்கு நிதி: கருவியை எங்கே வைப்பது, யாரிடம் கொடுப்பது?

பெரிய வழக்கு ஒன்று துப்புத் துலங்காமல் நிற்கும்போது, "உண்மை கண்டறியும் சோதனை நடத்த வேண்டியதுதானே?" என்ற பேச்சு கிளம்பும். அதன் பின்னாலேயே ஒரு கோப்பும் கிளம்பும்: இத்தனை பாலிகிராஃப் கருவிகள் (கேள்வி கேட்கும்போது உடலில் எழும் பதற்றத்தை அளப்பவை), இத்தனை பேருக்குப் பயிற்சி, இவ்வளவு தொகை. கருவியின் மாடல் எண் வரை அதில் எழுதியிருக்கும். கருவி யாருடைய கட்டடத்தில் இருக்கப்போகிறது, அதை இயக்குபவர் யாருக்குக் கீழே வேலை செய்கிறார், அவர் மாற்றலாகிப் போனால் என்ன ஆகும் என்பதைப் பற்றி பெரும்பாலும் ஒரு வரிகூட இருக்காது. இந்தியச் சட்டத்தில் இந்த வரிகள்தான் முக்கியம். தமிழ்நாட்டை மாதிரியாக எடுத்துக்கொண்டு, ஒரு மாநிலத்தின் முன் உள்ள வழிகளை இங்கே ஒப்பிடுகிறோம்.

பணத்துக்கு என்ன கிடைக்கும்?

முதலில் சட்டம். 2010 மே 5 அன்று செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாலிகிராஃப், நார்கோ (மருந்து கொடுத்து அரை மயக்கத்தில் பேச வைப்பது), மூளை மின்னலைச் சோதனை ஆகிய மூன்றையும் ஒருவருடைய சம்மதம் இல்லாமல் நடத்தக் கூடாது என்றது. சம்மதித்து உட்கார்ந்தாலும் சோதனை முடிவு சாட்சியம் ஆகாது. அந்தச் சோதனையின் உதவியால் பிறகு கண்டெடுக்கப்படும் பொருளோ தகவலோ மட்டும் சாட்சியச் சட்டத்தின் 27-வது பிரிவு வழியாக உள்ளே வரலாம். இன்று அந்தப் பிரிவின் சாரம் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 23-வது பிரிவில் இருக்கிறது. 2025 ஜூனில் அம்லேஷ் குமார் எதிர் பீகார் அரசு வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இதே நிலையைத்தான் உறுதி செய்தது.

ஆக, இந்தக் கருவி தருவது விசாரணைக்கு ஒரு திசை. "இந்த நான்கு பேரில் யாருடைய வீட்டை முதலில் தேடுவது?" என்ற கேள்விக்கு உதவும். குற்றப்பத்திரிகையில் அதை வைத்து ஒரு பத்தியும் எழுத முடியாது. நிதிக் கோப்பில் "தண்டனை விகிதம் உயரும்" என்று எழுதியிருந்தால் அந்த வரியை அங்கேயே அடித்துவிடலாம்.

செல்வி தீர்ப்பு, தேசிய மனித உரிமை ஆணையம் 2000-ல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளைக் கண்டிப்பாகப் பின்பற்றச் சொன்னது. சம்மதத்தைக் குற்றவியல் நடுவர் முன் பதிவு செய்ய வேண்டும். அப்போது அந்த நபருக்கு வழக்கறிஞர் இருக்க வேண்டும். எவ்வளவு நேரம் காவலில் இருந்தார், எப்படி விசாரிக்கப்பட்டார் என்பதை நடுவர் கணக்கில் எடுக்க வேண்டும். நிதி ஒதுக்குபவர் அடிக்கோடிட்டுப் படிக்க வேண்டியது இன்னொரு நெறி. சோதனையை மருத்துவமனை போன்ற ஒரு சுதந்திரமான அமைப்புதான், வழக்கறிஞர் முன்னிலையில், நடத்த வேண்டும். காவல்துறையே கருவி வாங்கி, காவல்துறையே ஆளைப் போட்டு, காவல்துறைக் கட்டடத்திலேயே நடத்தினால் அந்த நெறி முதல் நாளே மீறப்படுகிறது.

முதல் வழி: மாவட்டத்துக்கு ஒரு கருவி

காவல்துறைக்குப் பிடித்த வழி இதுதான். 38 மாவட்டம், மாவட்டத்துக்கு ஒரு கருவி, ஒவ்வொன்றுக்கும் பயிற்சி பெற்ற ஒரு உதவி ஆய்வாளர். கேட்பதற்கு ஒழுங்காக இருக்கும். திறப்பு விழாவுக்கும் வசதி.

மேலே சொன்ன சட்டச் சிக்கலை ஒதுக்கிவிட்டு நடைமுறையை மட்டும் பார்ப்போம். சோதனையாளரின் திறமை கை ஓய்ந்தால் துருப்பிடிக்கும். அமெரிக்க பாலிகிராஃப் சங்கம் அங்கீகரிக்கும் அடிப்படைப் பயிற்சி 400 மணி நேரம், ஏறக்குறைய 10 வாரம். அதற்கு மேல் மேற்பார்வையில் நடத்தும் சோதனைகள், ஆண்டுதோறும் புத்தாக்கப் பயிற்சி. கருவி விற்கும் நிறுவனம் இலவசமாகத் தரும் மூன்று நாள் 'பயிற்சி'யில் மென்பொருளின் பொத்தான்கள் எங்கே இருக்கின்றன என்று தெரியும், அவ்வளவுதான். ஒரு மாவட்டத்தில் நடுவர் முன் சம்மதம் வரை போகும் வழக்குகள் ஆண்டுக்கு ஒற்றை இலக்கத்தில் இருந்தால், அந்த உதவி ஆய்வாளர் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கருவியைக் கையில் எடுப்பார். கேள்வி வரிசை மறந்திருக்கும். மூன்றாம் ஆண்டு சட்டம் ஒழுங்குப் பிரிவுக்கு மாற்றலாகிவிடுவார். கருவி பீரோவுக்குப் போய்விடும்.

இரண்டாவது சிக்கல் மதிப்பெண் போடுவதில். ஒரு சோதனையை நடத்தியவர் போடும் மதிப்பெண்ணை, வழக்கு விவரம் தெரியாத இன்னொருவர் சார்ட்டை (கருவி வரைந்த கோடுகளை) மட்டும் பார்த்துத் தனியாகப் போட வேண்டும். இருவரும் ஒத்துப்போனால்தான் முடிவு வெளியே போகலாம். இதற்கு ஒரு இடத்தில் குறைந்தது இரண்டு பேர் வேண்டும். 38 இடத்துக்கு 76 பேர். அத்தனை பேரை உருவாக்கிக் காக்க எந்த மாநிலத்தாலும் முடியாது.

மூன்றாவது சிக்கலை யாரும் வெளிப்படையாகச் சொல்ல மாட்டார்கள். கருவி ஸ்டேஷன் வளாகத்தில் இருந்தால் அது விசாரணை அறையின் மேஜைச் சாமானாக மாறும். "மெஷினில் உட்கார வெச்சிடுவேன்" என்பது மிரட்டலாகும். அப்படி வாங்கிய சம்மதம் நடுவர் முன்னால் நிற்காது. நின்றாலும், பயந்து போனவரின் சார்ட்டைப் படித்துப் பயனில்லை. கருவி அளப்பது உடல் பதற்றத்தை. அந்தப் பதற்றம் பொய்யால் வந்ததா, அடி விழுமோ என்ற பயத்தால் வந்ததா என்று அதற்குத் தெரியாது.

எங்கள் கருத்தில் இந்த வழியை முழுவதுமாகக் கைவிடலாம்.

இரண்டாவது வழி: தடய அறிவியல் துறையில் இரண்டு நிலையான பிரிவுகள்

தமிழ்நாடு தடய அறிவியல் துறை 1849-ல் சென்னையில் தொடங்கிய இரசாயனப் பரிசோதகர் அலுவலகத்தின் தொடர்ச்சி. தலைமையகம் மயிலாப்பூரில், மதுரை, கோவை, திருநெல்வேலி உள்ளிட்ட நகரங்களில் வட்டார ஆய்வகங்கள். துறைக்குத் தலைமை வகிப்பவர் விஞ்ஞானி, போலீஸ் அதிகாரி அல்ல. சுதந்திரமான அமைப்பு என்ற நெறிக்கு மாநிலத்துக்குள் இதைவிட நெருங்கிய இடம் கிடைப்பது கடினம். 2012-ல் திருச்சியில் நடந்த ராமஜெயம் கொலை வழக்கில், 2023 ஜனவரியில் இந்தச் சோதனை நடந்ததும் மயிலாப்பூரில்தான்.

பரிந்துரைக்கும் அமைப்பு இது: சென்னையில் ஒரு பிரிவு, தெற்கு மாவட்டங்களுக்கு மதுரையில் ஒரு பிரிவு. ஒவ்வொன்றிலும் மூன்று சோதனையாளர்கள், அதில் ஒருவராவது பெண். தடயவியல் உளவியலிலோ மருத்துவ உளவியலிலோ முதுகலை படித்தவர்கள். பிரிவுக்கு இரண்டு கருவி: ஒன்று அறையில், ஒன்று பெட்டியில். பெட்டியில் இருப்பது சிறைக்கும் வட்டார ஆய்வகங்களுக்கும் பயணம் போகும். அறையில் உள்ளது பழுதானால் மாற்றாகவும் நிற்கும்.

ஆறு பேர் போதுமா? ஒரு சோதனைக்கு வழக்குக் கட்டைப் படித்துக் கேள்வி அமைக்க அரை நாள், சோதனைக்கு மூன்று மணி நேரம், மதிப்பெண்ணும் அறிக்கையும் இன்னொரு அரை நாள். வாரத்துக்கு இரண்டு சோதனை என்று வைத்தால் ஆண்டுக்கு ஒருவர் 80 வரை செய்யலாம். மற்றவர் சார்ட்டுக்கு மதிப்பெண் போடும் நேரமும் இதற்குள் அடங்கும். ஆறு பேருக்கு 480. இந்த எண்ணிக்கையை எட்டாவிட்டாலும் ஒவ்வொருவர் கையும் ஓயாமல் இருக்கும்.

கருவியைப் பற்றி அதிகம் குழம்பத் தேவையில்லை. லஃபாயெட், லைம்ஸ்டோன், ஸ்டோல்டிங் என எந்த நிறுவனத்துடையதானாலும் அடிப்படை ஒன்றுதான்: மார்பிலும் வயிற்றிலும் கட்டி மூச்சை அளக்கும் இரண்டு குழாய்கள் (மூச்சுக் குழாய்), விரலில் தோலின் மின்கடத்தலை அளக்கும் இரண்டு எலெக்ட்ரோடுகள், மேற்கையில் பி.பி. பார்ப்பது போன்ற பட்டை, விரல் நுனி நாடிக் கிளிப், நாற்காலியில் அசைவைப் பிடிக்கும் திண்டு, எல்லாம் வந்து சேரும் ஒரு சிறு பெட்டி, ஒரு லேப்டாப். அசைவுத் திண்டைச் சில விலைப்புள்ளிகளில் 'விருப்பப் பாகம்' என்று தனியாகக் காட்டுவார்கள். அதை விட்டுவிடக் கூடாது. கால் விரலை அழுத்துவது, தொடைத் தசையை இறுக்குவது போன்ற தந்திரங்களால் சார்ட்டைக் குழப்ப முடியும் என்பதால் அமெரிக்க பாலிகிராஃப் சங்கமே 2012 ஜனவரியிலிருந்து அதைக் கட்டாயமாக்கியது.

பணம் போக வேண்டிய இடம் அறை. பத்துக்குப் பன்னிரண்டு அடி போதும். தெருச் சத்தமும் நடைபாதைப் பேச்சும் கேட்கக் கூடாது. ஏ.சி. சீராக 24 டிகிரியில் ஓட வேண்டும். அதன் காற்று உட்கார்ந்திருப்பவர் கைமேல் நேராக வீசக் கூடாது. சுவரில் படம், கடிகாரம், கண்ணாடி வேண்டாம். அகலமான கைப்பிடி உள்ள, உருளாத நாற்காலி. முழுச் சோதனையையும் ஒலியோடு பதியும் கேமரா. வழக்கறிஞர் பார்க்க அடுத்த அறையில் ஒரு திரை. யு.பி.எஸ். அவசியம். எர்த்திங் சரியில்லாத பழைய கட்டடமானால் தோல் மின்கடத்தல் கோட்டில் மின்சார இரைச்சல் ஏறும். லேப்டாப்பைச் சார்ஜரிலிருந்து கழற்றி ஓட்டினால் கோடு சுத்தமாகிறதா என்று பார்த்தாலே குற்றவாளி கட்டடம்தான் என்பது தெரிந்துவிடும்.

உதிரிகளைக் கருவியோடு சேர்த்தே வாங்க வேண்டும். பட்டையில் சிறிது, நடுத்தரம், பெரிது என மூன்று அளவு. மெலிந்த கைக்குப் பெரிய பட்டை கட்டினால் காற்று ஏறியும் துடிப்பு கிடைக்காது. மூச்சுக் குழாய் கூடுதலாக ஒரு ஜோடி, விரல் எலெக்ட்ரோடு கூடுதலாக ஒரு செட், ஒட்டிவிட்டுக் கழற்றி எறியும் எலெக்ட்ரோடுகள் ஓர் ஆண்டுக்குத் தேவையான அளவு. கடைசியாகச் சொன்னதை நம் ஊருக்கு என்றே அழுத்திச் சொல்ல வேண்டும். கட்டட வேலை, கல் உடைப்பு, வயல் வேலை செய்பவர்களின் விரல் நுனி காய்ப்புக் காய்த்திருக்கும். உலோக எலெக்ட்ரோடை அதில் மாட்டினால் கோடு தரையோடு தரையாகக் கிடக்கும். அனுபவமில்லாதவர் அதை 'எதிர்வினை இல்லை' என்று எழுதிவிடுவார். கட்டைவிரலின் அடிச்சதையிலோ உள்ளங்கை ஓரத்திலோ ஒட்டும் எலெக்ட்ரோடைப் போட்டால் அதே ஆளிடம் கோடு எழுந்து நிற்கும்.

சார்ட் கெடுவதற்கு வேறு காரணங்களும் உண்டு. 2022 நவம்பரில் டில்லி ரோகிணி ஆய்வகத்தில் ஷ்ரத்தா வால்கர் கொலை வழக்கின் கைதிக்கு நடந்து வந்த சோதனை, அவருக்குக் காய்ச்சலும் சளியும் வந்ததால் தள்ளிப்போனது. தும்மலும் இருமலும் மூச்சுக் கோட்டைக் குதறிவிடும். அதன் அதிர்வு நாடிக் கோட்டுக்கும் போகும். தூங்காமல் விசாரிக்கப்பட்டவர், பட்டினி கிடந்தவர், போதையில் இருப்பவர், மூச்சிரைப்புக்காரர், இதய நோயாளி, கர்ப்பிணி ஆகியோரை உட்கார வைக்கவே கூடாது. மருத்துவச் சான்று இல்லாமல் சோதனை தொடங்காது என்பதை நடைமுறை விதியாகவே எழுதிவிடலாம்.

சோதனை எப்படி ஓடும், எங்கே சறுக்கும்

நேரத்தில் பெரும்பகுதி கருவியை மாட்டுவதற்கு முன்னால் போகிறது. ஒவ்வொரு கேள்வியையும் அந்த நபரிடம் முன்பே வாசித்துக் காட்டி, பொருள் புரிந்ததா என்று கேட்டு, அவர் பேசும் பேச்சிலேயே திருத்தி எழுத வேண்டும். எதிர்பாராத கேள்வி யாரையும் துள்ள வைக்கும். அந்தத் துள்ளலுக்கும் உண்மைக்கும் சம்பந்தமில்லை. பிறகு பட்டையில் 60 முதல் 70 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் வரை காற்று ஏற்றி, சுமார் பத்துக் கேள்வி, ஒவ்வொன்றுக்கும் நடுவே 20 முதல் 25 விநாடி இடைவெளி. ஒரு சுற்று நான்கைந்து நிமிடத்துக்குள் முடிய வேண்டும். அதற்கு மேல் போனால் கை மரத்து வலி எடுக்கும், வலியே எதிர்வினையாகப் பதிவாகும். குறைந்தது மூன்று சுற்று.

டில்லியிலிருந்து வரும் நிபுணர் மொழிபெயர்ப்பாளரை வைத்து நடத்தும்போது இந்த இடைவெளிக் கணக்கே உடைந்துவிடும். உடல் எந்த விநாடியில் கேள்வியைப் புரிந்துகொண்டது என்று சொல்ல முடியாது. தமிழில் கேட்கத் தெரிந்த சோதனையாளரை மாநிலத்திலேயே வைத்துக்கொள்ள இது ஒரு வலுவான காரணம்.

கேள்வி முறையில் இரண்டு பெரிய வகை உண்டு. "நீ குத்தினாயா?" போன்ற நேர்க்கேள்வியையும் வேறு ஒரு ஒப்பீட்டுக் கேள்வியையும் வைத்து எதற்கு உடல் அதிகம் பதறுகிறது என்று பார்ப்பது ஒன்று. குற்றவாளிக்கு மட்டுமே தெரிந்த விவரத்தை ஐந்தாறு பொய் விவரங்களோடு கலந்து கேட்பது இன்னொன்று. இந்த இரண்டாவது வகை அமெரிக்க உளவியலாளர் டேவிட் லிக்கன் 1959-ல் முன்வைத்தது, ஜப்பான் காவல்துறை இன்றும் பெரிதும் நம்புவது. நிரபராதிக்கு இரண்டாவதில் ஆபத்து குறைவு. கொலைக்குப் பயன்பட்டது எந்த நிறக் கயிறு என்றே தெரியாதவருக்கு எல்லா நிறமும் ஒன்றுதான். ஆனால் கயிற்றின் நிறத்தை விசாரணை அதிகாரி மாலை பேட்டியிலேயே சொல்லிவிட்டால் அந்த முறை செத்துப்போகிறது. பத்தாண்டு கழித்து, எல்லா விவரமும் பத்திரிகையில் வந்து தீர்ந்த பிறகு நடக்கும் சோதனைகளின் பலவீனமும் இதுவே. பயிற்சி நிதியில் ஒரு பகுதியைச் சோதனையாளருக்குக் கொடுக்காமல், குற்றப்பிரிவு அதிகாரிகளுக்கு "முதல் நாளே மூன்று விவரத்தை முத்திரையிட்டு வைத்துவிடு" என்று கற்பிக்கும் ஒருநாள் வகுப்புக்குச் செலவிட்டால் கருவியின் பயன் கூடும்.

துல்லியத்தைப் பற்றி விற்பனையாளர் 95, 98 விழுக்காடு என்பார். அமெரிக்க பாலிகிராஃப் சங்கமே 2011-ல் தொகுத்த ஆய்வில், ஒரே சம்பவத்தைப் பற்றிய சோதனைகளில் சரியாகச் சொன்னது 89 விழுக்காடு. அதுவும் முடிவு சொல்ல முடியாத 11 விழுக்காட்டை ஒதுக்கிவிட்டு. தொழில் செய்பவர்களின் சங்கம் தந்த எண் இது. இதையே நம்பி ஒரு கணக்குப் போடலாம்: சந்தேக நபர்கள் 20 பேர், உண்மைக் குற்றவாளி ஒருவர். நிரபராதிகள் 19 பேரில் இரண்டு பேர் தவறாக மாட்டுவார்கள். குற்றவாளியும் மாட்டினால் மொத்தம் மூன்று பேர். மாட்டியவரில் ஒருவரைப் பிடித்து "இவர்தான்" என்றால் மூன்றில் இரண்டு முறை தவறு. எண்ணிக்கை ஏற ஏற நிலைமை மோசமாகும். அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிக் கழகம் 2003-ல் காட்டிய கணக்கில், 10,000 ஊழியரில் ஒளிந்திருக்கும் 10 ஒற்றரில் 8 பேரைப் பிடிக்கும்படி கருவியை வைத்தால், அவர்களோடு சேர்ந்து 1,598 அப்பாவிகளும் விழுவார்கள்.

மறுபக்கமும் உண்டு. வாஷிங்டன் மாநிலத்தின் தொடர் கொலையாளி கேரி ரிட்ஜ்வே 1984-ல் பாலிகிராஃபில் தேறியவர், கைதானது 2001-ல். தேறியவரைப் பட்டியலிலிருந்து அடித்துவிடும் பழக்கம், தேறாதவரை உள்ளே தள்ளும் பழக்கத்தைவிடக் குறைந்த ஆபத்தல்ல. ஆகவே சந்தேகம் இரண்டு மூன்று பேர் வரை சுருங்கிய பிறகு மட்டுமே சோதனைக்கு அனுப்புவது என்ற விதி வேண்டும். ஊரையே வரிசையில் நிறுத்தும் கோரிக்கையைத் திருப்பி அனுப்பும் அதிகாரம் பிரிவின் தலைவருக்கு எழுத்தில் இருக்க வேண்டும்.

மூன்றாவது வழி: தேவைப்படும்போது வெளியிலிருந்து வரவழைப்பது

சொந்தமாக எதுவும் வாங்காமல், மத்திய தடய அறிவியல் ஆய்வகத்தையோ குஜராத்தின் காந்திநகரில் உள்ள தேசிய தடய அறிவியல் பல்கலைக்கழகத்தையோ நாடுவது. 2024 ஆகஸ்டில் கொல்கத்தா ஆர்.ஜி. கர் மருத்துவமனை வழக்கில் சி.பி.ஐ. செய்தது இதுதான். டில்லியிலிருந்து நிபுணர் குழு விமானத்தில் வந்தது. முக்கியக் கைதிக்குச் சிறையிலேயே சோதனை நடந்தது. கருவி ஒரு பெட்டிக்குள் அடங்குவதால் இது முடிகிறது.

நிதிப்படி மிகச் சிக்கனம். சுதந்திரத்துக்கும் குறைவில்லை, மாநில அரசின் நிழலே அங்கே இல்லை. சிறிய மாநிலத்துக்கும் யூனியன் பிரதேசத்துக்கும் இதையே பரிந்துரைப்போம். தமிழ்நாடு போன்ற பெரிய மாநிலத்தில் இடிப்பது தேதிதான். போலீஸ் காவலுக்கு மொத்தம் 15 நாள். பி.என்.எஸ்.எஸ். எனப்படும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 187-வது பிரிவு அதை முதல் 40 அல்லது 60 நாளுக்குள் பகுதி பகுதியாக எடுக்க விடுகிறது என்றாலும், வெளியூர் நிபுணரின் தேதி, நடுவரின் தேதி, வழக்கறிஞரின் தேதி மூன்றும் ஒன்றுகூடுவதற்குள் காலம் போய்விடும். கைதி ஜாமீனில் வெளியே வந்து மனம் மாறினால் அத்தோடு முடிந்தது. சம்மதத்தை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். மொழிச் சிக்கலை மேலே சொல்லிவிட்டோம்.

இரண்டாவது வழியின் பிரிவுகள் தயாராக ஓரிரு ஆண்டு ஆகும். அதுவரை இது நல்ல இடைக்கால ஏற்பாடு. வரும் நிபுணரோடு நம் புதிய ஆட்களைக் கூட உட்கார வைத்தால் பயிற்சிச் செலவும் கொஞ்சம் மிச்சம்.

நான்காவது வழி: குரல், கண், மூளை

"ஒயரே வேண்டாம், ஃபோனில் பேசினால் போதும்" என்று குரல் அழுத்தப் பகுப்பாய்வு மென்பொருளோடு வருவார்கள். விலை குறைவு, பயிற்சி சில நாள். வாங்காதீர்கள். அமெரிக்காவில் தேசிய நீதி ஆய்வு நிறுவனம் நிதி தந்து ஓக்லஹோமா சிறையில் நடந்த கள ஆய்வில், போதைப்பொருள் பயன்படுத்தியதை மறைத்துப் பொய் சொன்னவர்களில் இந்த மென்பொருள்கள் பிடித்தது சுமார் 15 விழுக்காடு மட்டுமே. சிறுநீர்ச் சோதனையோடு ஒப்பிட்டு வந்த எண் இது.

இதில் நம் ஊருக்கே உரிய ஒரு பொறி உண்டு. பி.என்.எஸ்.எஸ். 349-வது பிரிவின்படி நடுவர் குரல் மாதிரி தர உத்தரவிடலாம், சம்மதம் தேவையில்லை. அதைக் காட்டி, குரல் மென்பொருளுக்கும் சம்மதம் தேவையில்லை என்று விற்பனையாளர் சொல்லக்கூடும். அந்தப் பிரிவு பதிவில் இருக்கும் குரல் இன்னாருடையதா என்று ஒப்பிடுவதற்கானது. ஒருவர் மனதில் இருப்பதைத் துருவ அதைப் பயன்படுத்தினால் செல்வி தீர்ப்பின் வாசலில்தான் போய் நிற்க வேண்டியிருக்கும்.

கண்மணி விரிவை அளக்கும் ஐ-டிடெக்ட் என்ற கருவி, திரையில் வரும் வாக்கியங்களைச் சரளமாகப் படிப்பவர்களுக்கானது; ஊழியர் தேர்வுக்குச் சரி, நம் வழக்குகளில் வருபவர்களில் பலருக்குப் பொருந்தாது. பியாஸ் எனப்படும் மூளை மின்னலைச் சோதனையை 2008 ஜூனில் புனே நீதிமன்றம் ஒரு கொலை வழக்கில் ஏற்றது உலகச் செய்தியானது. அதே ஆண்டு பெங்களூருவின் மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸின் இயக்குநர் தலைமையிலான நிபுணர் குழு அதற்கு அறிவியல் அடிப்படை போதாது என்றது. இதற்கு மேல் அதில் பணம் போட ஒன்றுமில்லை.

ஐந்தாவது வழி: அதே பணத்தை வேறெதிலாவது போடுவது

இந்த வழியைக் கோப்பில் யாரும் எழுதுவதில்லை; கட்டாயம் எழுத வேண்டும். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பி.என்.எஸ்.எஸ். 176(3), ஏழாண்டு அல்லது அதற்கு மேல் தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்குப் போவதைக் கட்டாயமாக்குகிறது. அதற்குத் தயாராக மாநிலங்களுக்கு ஐந்தாண்டு அவகாசம். அதற்கு ஆள் வேண்டும், வண்டி வேண்டும், மாதிரி எடுக்கும் கிட் வேண்டும். கைபேசியிலிருந்து தரவை எடுக்கும் கருவிகளுக்கு ஆண்டு உரிமக் கட்டணம் வேண்டும். இவை தருவது நேரடிச் சாட்சியம். ஒரு கைபேசியின் இருப்பிடப் பதிவு, முறையான சான்றிதழோடு நீதிமன்றத்தில் நிற்கும். பாலிகிராஃப் சார்ட் நிற்காது.

சம்பவ இட நிபுணர் பணியிடங்கள் காலியாகக் கிடக்கும் நிலையில் பாலிகிராஃபுக்குப் பெருந்தொகை கேட்பது முறையல்ல. அந்தப் பணியிடங்களை நிரப்பிய பிறகு, இரண்டாவது வழியின் முதல் பிரிவை மட்டும் தொடங்கலாம் என்பதே எங்கள் வரிசை.

நிதி எங்கிருந்து, எப்படி

மத்திய அரசின் காவல்துறை நவீனமயத் திட்டத்தில், 2021-22 முதல் 2025-26 வரையிலான காலத்துக்கு, மாநிலங்களில் சுதந்திரமாக இயங்கும் தடயவியல் வசதிகளுக்கென்று 2,080.50 கோடி ரூபாய் தனியாகக் காட்டப்பட்டது. முதல் வழியை இத்தகைய தலைப்பில் கேட்டால் 'சுதந்திரமாக' என்ற சொல்லே தடுக்கும். இரண்டாவது வழி இதற்குள் அழகாக உட்காரும்.

இத்தகைய திட்ட நிதியில் கருவி வாங்குவது எளிது, சம்பளம் வாங்குவது கடினம். சோதனையாளர் பணியிடங்களுக்கான அரசாணையும் ஆண்டுச் செலவுக்கான தலைப்பும் மாநில பட்ஜெட்டில் வந்த பிறகே கருவிக்கு டெண்டர் விட வேண்டும். வரிசை மாறினால் ஆள் வருவதற்குள் உத்தரவாதக் காலம் முடிந்துவிடும்.

டெண்டரில் விவரக்குறிப்பு தளர்வாக இருந்தால், மிகக் குறைந்த விலை சொன்னவருக்கே போகும் முறையில் அசைவுத் திண்டு இல்லாத செட்டுதான் வந்து சேரும். ஒவ்வொரு சென்சாரையும் பெயரும் எண்ணிக்கையும் போட்டு எழுதுங்கள். மென்பொருள் உரிமம் ஒரே லேப்டாப்போடு பூட்டப்படாமல், லேப்டாப் மாறினாலும் கூடுதல் கட்டணமின்றி மாற்ற முடிய வேண்டும். பழைய சார்ட்டுகளைப் புதிய பதிப்பிலும் திறக்க முடிய வேண்டும். மேல்முறையீடு வரும் நாளில் இதன் அருமை தெரியும். ஐந்தாண்டு முழுப் பராமரிப்பு ஒப்பந்தம், அளவுத் திருத்தம் இந்தியாவிலேயே நடக்கும் என்ற உறுதி, பழுதான பெட்டி வெளிநாடு போய் வரும் வரை மாற்றுப் பெட்டி தரும் விதி ஆகியவை வேண்டும். தொகையில் கடைசிப் பகுதியை, ஆட்கள் பயிற்சி முடித்துத் தங்கள் கையால் பத்து மாதிரிச் சோதனைகளை நடத்தி, சார்ட்டுகள் சுத்தமாக வந்த பிறகே விடுவிப்பது என்று ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள்.